பூண்டுச் சந்தையில் மிரர்லெஸ் கேமரா

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி, வெளியூர்க்காரர்களுக்குக் கவிஞர் வைரமுத்து வளர்ந்த ஊர். வியாபாரிகளுக்குப் பூண்டு ஊர். மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி என்று கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் விளைந்து, 2019-இல் புவிசார் குறியீடும் பெற்ற மலைப்பூண்டு இந்தச் சந்தையில்தான் மூட்டை மூட்டையாக இறங்கி விலை பேசப்படுகிறது. படம் எடுக்கும் ஆசை உள்ளவர்களுக்கு அருமையான இடம். கேமராவைத் திணறடிக்கும் இடமும் அதுதான்.

காரணம், பூண்டின் வெள்ளை. கேமராவின் ஒளிமானி எதிரே இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறமாக வைத்துக்கொண்டே வெளிச்சத்தைக் கணக்குப் போடும். ஃபிரேம் முழுக்கப் பூண்டுக் குவியலாக இருந்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடும். வெள்ளைப் பூண்டு அழுக்குச் சாம்பலாகத் தெரியும். அருகில் உட்கார்ந்து தரம் பிரிக்கும் பெண்ணின் முகம் இருண்டுபோகும். டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் வழியே பார்ப்பவருக்கு இது படம் எடுத்த பிறகுதான் தெரியும். மிரர்லெஸ் கேமராவிலோ கண்ணை வைத்ததுமே தெரிந்துவிடும். எக்ஸ்போஷர் டயலைப் பிளஸ் ஒன்றுக்குத் திருப்பினால், குவியல் கண்ணெதிரே வெளுக்கும். அதன் பிறகு கிளிக் செய்தால் போதும்.

டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்குப் பின்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி இருக்கிறது. வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பி, ப்ரிஸம் வழியாகக் கண்ணுக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்தியதும் 'டப்'பென்று எழும்பி வழிவிடும். சென்சாருக்கு வெளிச்சம் போய்ச் சேருவது அப்போதுதான். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே கிடையாது. சென்சார் வாங்கும் காட்சியை வியூஃபைண்டருக்குள் இருக்கும் சின்னத் திரை உடனுக்குடன் காட்டிக்கொண்டே இருக்கும்.

2008-இல் பானசோனிக் ஜி1 என்ற மிரர்லெஸ் கேமரா வந்தபோது தொழில்முறைக் கலைஞர்கள் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2013-இல் சோனி தன் ஏ7 வரிசையில் ஃபுல் ஃபிரேம் சென்சாரைக் கொண்டுவந்தது. 2018-இல் நிக்கானும் கேனானும் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸில் இறங்கின. 2020-இல் ஜப்பானியக் கேமரா நிறுவனங்கள் விற்பனைக்கு அனுப்பிய கணக்கில் மிரர்லெஸ் சுமார் 29 லட்சம், டிஎஸ்எல்ஆர் சுமார் 24 லட்சம். முந்தியது புதியது.

லாபமும் நஷ்டமும் என்ன என்பதற்கு ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்களே சாட்சி. நிக்கான் டி850, இசட்7 இரண்டுமே 45.7 மெகாபிக்சல். பேட்டரியோடு சேர்த்து முதலாவது 1,005 கிராம், இரண்டாவது 675 கிராம். ஆனால் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால், நிறுவனக் கணக்குப்படி டி850-இல் 1,840 படங்கள் எடுக்கலாம். இசட்7-இல் 330 தான். திரை ஓயாமல் எரிவதற்குக் கொடுக்கும் விலை இது. நடைமுறையில் இதைவிடக் கூடுதலாக எடுக்க முடியும் என்றாலும், பையில் கூடுதல் பேட்டரி இல்லாமல் கிளம்புவது நல்லதல்ல.

கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஓடும் ஊர்ப்பக்கத்து ஸ்டுடியோக்காரர்களுக்கு மிரர்லெஸ்ஸின் சத்தமில்லாத ஷட்டர் ஒரு வரம். தாலி கட்டும் நேரத்தில் மிக அருகில் நின்று எடுத்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு சிக்கலும் உண்டு. மண்டபத்து எல்இடி விளக்கொளியில், சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் படம் எடுத்தால் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழக்கூடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

சந்தையில் வேறொரு தொல்லை. மூட்டையைக் கொட்டும்போதும் புடைக்கும்போதும் பூண்டுச் சருகு பறக்கும். லென்ஸைக் கழற்றினால், பல மிரர்லெஸ் கேமராக்களில் சென்சார் திறந்தபடி கிடக்கும்; மறைக்கக் கண்ணாடி இல்லையே. ஒரு துணுக்கு ஒட்டினாலும் அடுத்தடுத்த படங்களில் வானத்தில் புள்ளி விழும். சந்தைக்குள் லென்ஸ் மாற்றாமல் இருப்பதே நல்லது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஓரமாகப் போய், பாடியைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு மாற்ற வேண்டும்.

கேமரா வாங்கியவுடன் மேகமலைக்கு இருவாச்சி தேடிப் புறப்படுபவர்கள் உண்டு. அதற்கு நீண்ட டெலி லென்ஸ் வேண்டும். அதன் விலையோ பல நேரம் கேமராவையே மிஞ்சும். பக்கத்தில் இருப்பதைப் படமாக்க ஒரு 35 எம்எம் அல்லது 50 எம்எம் லென்ஸ் போதும். மதுரை ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனிகுமார், மீன் விற்று வீட்டைக் காப்பாற்றிய தன் தாயின் உழைப்பையே படமாக்கினார். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வையும் தொடர்ந்து பதிவு செய்துவரும் அவருக்கு 2022-இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது கிடைத்தது. கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நடக்கும் நாற்று நடவு, திராட்சைப் பந்தல் வேலை, 2023 முதல் போடி வரை வரும் ரயில் என்று அன்றாடக் காட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. "அக்கா, ஒரு படம் எடுத்துக்கிறேன்" என்று கேட்டு எடுத்து, எடுத்ததைத் திரையில் காட்டினால், அடுத்த வாரம் அவர்களே கூப்பிடுவார்கள்.

கையில் பணம் குறைவு என்றால் பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ்களைத் தேடலாம். லென்ஸ் பொருந்தும் இடத்துக்கு மவுண்ட் என்று பெயர். நிக்கானின் பழைய எஃப் மவுண்டில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. இடைவெளி, புதிய இசட் மவுண்டில் 16 மி.மீ. தான். அந்த மிச்ச இடத்தை ஒரு அடாப்டர் வளையம் நிரப்பிவிடும். ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். துல்லியமாக விழுந்த இடத்தின் ஓரங்களைத் திரை வண்ணக் கோடிட்டுக் காட்டுவதால் அது கஷ்டமாக இருக்காது. வாங்கும்போது லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளே நூல் நூலாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.