ஒரு கண் திறவாத கார்

இங்கு ஜேர்மனியில் எம்மவர் பலர் இரவு வேலை செய்கிறார்கள். பஸ் ஓடாத நேரத்தில் தொழிற்சாலை வாசல்வரை எம்மைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பழைய கார்தான். அந்தக் கார், லைற் போட்டதும் முன்கண் மேலெழும்பித் திறக்கிற வகையாக இருந்தால், ஒருநாள் ஒரு கண் எழும்பாமல் நின்றுவிடும். ஒற்றை லைற்றோடு ஓடினால் எதிரே வருபவர் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து நெருங்கி விடுவார். உயிர் போகிற காரியம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் வாகனப் பரிசோதனையிலும் அந்தக் கார் தேறாது.

1936ஆம் ஆண்டு மாதிரியான அமெரிக்க 'கோர்ட் 810' காரில் இந்த லைற்றைக் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். 1980களிலும் 90களிலும் மஸ்டா 323 எஃப், வொல்வோ 480 என்று சாதாரண கார்களிலும் மோட்டாரோடு வந்தது. நாம் சில தொழிலாளர்கள் சனிக்கிழமைகளில் கூடி எமது கார்களை நாமே பார்ப்பது வழக்கம். அப்படிப் பழகிய 1989 முதல் 1997 வரையான மஸ்டா எம்.எக்ஸ்-5 காரை வைத்தே இதைச் சொல்கிறோம்.

இந்தக் காரில் லைற்றுக்கு ஒரு மோட்டார். அது ஒரே பக்கமாகத்தான் சுற்றும். அரைச்சுற்றில் லைற் மேலே வரும், மறு அரைச்சுற்றில் கீழே போகும். எங்கே நிற்க வேண்டும் என்பதை உள்ளே உள்ள ஒரு தகடும் அதில் உரசும் செப்புத் தொடுகைகளும் தீர்மானிக்கின்றன.

இரண்டு லைற்றும் எழும்பாவிட்டால் மோட்டாரில் கை வைக்காதீர்கள். முதலில் பியூஸ், ரிலே, சுவிற்ச் மூன்றையும் பாருங்கள். ஒன்று மட்டும் எழும்பாவிட்டால் அந்தப் பக்கத்து வயர் பூட்டையும் மோட்டாரையும் பாருங்கள். லைற் நிற்காமல் மேலும் கீழுமாக ஆடினால், பெரும்பாலும் அந்தத் தொடுகைகளில்தான் பழுது.

வேலை தொடங்கமுன் பற்றறியின் மைனஸ் வயரைக் கட்டாயம் கழற்றுங்கள். திடீரென்று மோட்டார் சுற்றினால் விரல் நசுங்கும். மோட்டாரின் மேலே இறப்பர் மூடி ஒன்று இருக்கும். அதை எடுத்தால் உள்ளே ஒரு குமிழ். அதைக் கையால் சுற்றி லைற்றை மேலே கொண்டுவரலாம். வழியில் இரவு மாட்டிக்கொண்டாலும் இது உதவும்.

மோட்டாரின் அச்சில் நட்டால் பூட்டிய சிறிய இரும்புக் கை இருக்கிறது. கழற்றமுன் அது நிற்கும் இடத்தில் ஒரு கோடு கீறி வையுங்கள். திரும்ப அதே இடத்தில் பூட்டாவிட்டால் லைற் சரியான உயரத்தில் நிற்காது. பிறகு மூடியைத் திறந்து பாருங்கள். வருடக்கணக்கில் காய்ந்து மெழுகாகிப் போன கிறீஸும், கறுத்த செப்பும்தான் அநேகமாகத் தெரியும். பழைய கிறீஸைத் துடைத்தெடுங்கள். செப்பை மெல்லிய அரத்தாளால் இலேசாகத் தேயுங்கள். பல்லுச் சில்லுக்குப் புதுக் கிறீஸ் அளவாகப் பூசுங்கள். தண்ணீர் போகாதபடி மூடியை இறுக்கமாகப் பூட்டுங்கள்.

பல்லு உடைந்திருந்தால் அல்லது உள்ளே எரிந்த மணம் வந்தால், துப்புரவு செய்வதால் பயனில்லை. வேறு மோட்டார்தான் தேட வேண்டும். மற்றக் கார்களில் அமைப்பு வேறுபடலாம். போர்ஷ 944 காரில் ஒரே மோட்டார்தான் இரண்டு லைற்றையும் தூக்குகிறது.

குளிர்காலத்தில் மூடி பனியில் உறைந்திருக்கும்போது சுவிற்ச்சை அழுத்தாதீர்கள். பனியை நீக்கிவிட்டுத் திறவுங்கள். வேலை முடிந்ததும் ஒளி விழும் உயரத்தையும் பார்ப்பிக்க வேண்டும். இந்நாட்டில் ஒவ்வொரு ஒக்டோபரிலும் பங்குபற்றும் கராஜ்களில் லைற்றை இலவசமாகச் சோதிக்கிறார்கள். 1956 முதல் நடக்கும் வழக்கம் இது.

கழற்றிப் பார்க்காமலே "மோட்டார் போய்விட்டது, மாற்று" என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு துணித்துண்டும் கொஞ்சக் கிறீஸும் போதுமான இடத்தில், இரவெல்லாம் நின்று உழைத்த காசைக் கொடுக்கத் தேவையில்லை. திறந்து பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.