உஷார்! மருந்து சாப்பிடும் பூனை சோற்றை ஒதுக்கினால் நாள் கடத்தாதீர்கள்

“மாத்திரை ஓடிக்கிட்டு இருக்கு, அதான் சாப்பிட மாட்டேங்குது. கோர்ஸ் முடிஞ்சா தானா சரியாயிடும்.” பூனை வளர்க்கும் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. மூன்று வாரம், நான்கு வாரம் என்று நீளும் மருந்து முடிவதற்குள் பூனை கைவிட்டுப் போய்விடக்கூடும். நோய் கொல்வதற்கு முன்னால் பட்டினி கொன்றுவிடும்.

லங்கணம் பரம ஔஷதம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வயிற்றைக் காயப்போட்டால் மனிதனுக்குச் சில நேரம் நல்லது. பூனைக்கு அது விஷம். சாப்பாடு வராதபோது பூனையின் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. இரை பிடித்து மாமிசம் தின்பதற்காகவே அமைந்த அந்த உடம்பின் கல்லீரலால், வந்து குவியும் கொழுப்பை அதே வேகத்தில் செலவழிக்க முடிவதில்லை. ஈரலின் செல்களுக்குள்ளேயே கொழுப்பு அடைத்துக்கொள்கிறது. ஹெபாட்டிக் லிப்பிடோசிஸ் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். தொடங்குவதற்குச் சில நாள் பட்டினியே போதும். முழுப் பட்டினிகூட வேண்டாம்; இரண்டு வாய், மூன்று வாய் என்று நாள்கணக்கில் கொறித்துக்கொண்டிருந்தாலும் வரும். ஈரல் கெட்டதும் குமட்டல் கூடும். குமட்டல் கூடினால் சாப்பாடு இன்னும் குறையும். இந்தச் சுழலிலிருந்து பூனை தானாக வெளியே வருவது அபூர்வம்.

கொழுகொழுவென்று இருக்கும் பூனைக்குத்தான் ஆபத்து அதிகம். “நாலு நாள் சாப்பிடாட்டி என்ன, கொஞ்சம் இளைக்கட்டுமே” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

சரி, மருந்துக்கும் பசிக்கும் என்ன பகை? பெரும்பாலும் குமட்டல்தான். அதைவிட மோசமான ஒன்று உண்டு. அது பலருக்குத் தெரியாது என்பதுதான் என் பெரிய கவலை.

டாக்ஸிசைக்ளின். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும் சளிக்கும், ரத்தத்தில் புகுந்த சில கிருமிகளுக்கும் பூனைகளுக்கு வாரக்கணக்கில் எழுதித் தரப்படும் மருந்து. நல்ல மருந்துதான். ஆனால் அந்த மாத்திரையை வெறுமனே வாயில் போட்டு, வாயை மூடித் தொண்டையைத் தடவிவிட்டால், அது வயிற்றுக்குப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பூனையின் உணவுக்குழாயில் காய்ந்த மாத்திரை பல நிமிடம் ஒட்டிக்கொண்டே இருக்கும். இந்த மருந்து கரையும்போது அமிலமாக இருக்கும்; ஒட்டிய இடத்தை அரித்துப் புண்ணாக்கும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, குழாயே குறுகிவிடலாம். கிளிண்டாமைசினும் இப்படிச் செய்வதுண்டு.

அப்படிப்பட்ட பூனையைக் கவனித்தால் தெரியும். பசி இருக்கும். தட்டுக்கு ஓடி வரும். ஒரு வாய் எடுக்கும், கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்க்கும், தின்றதை அப்படியே செரிக்காமல் வெளியே தள்ளிவிடும். குழம்பு போன்றதை நக்கும், கெட்டியானது இறங்காது. வீட்டார் அதை வாந்தி என்று நினைத்து, அடுத்த வேளை மாத்திரையை அதே மாதிரி மறுபடி தண்ணீர் இல்லாமலேயே கொடுப்பார்கள். நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

மாத்திரை எதுவாக இருந்தாலும், கொடுத்த கையோடு ஊசி கழற்றிய சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீரை வாயின் ஓரத்தில், கடைவாய்ப் பக்கமாகச் சிறுகச் சிறுக விடுங்கள். அண்ணாந்து பிடித்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். தண்ணீருக்கு இடம் கொடுக்காத பூனையானால் ஒரு வாய் ஈரமான உணவு கொடுங்கள். டாக்ஸிசைக்ளினோடு பால் வேண்டாம், அதிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். திரவ மருந்தாகக் கிடைக்குமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொரு பழக்கம், மருந்தைப் பொடித்துப் பிடித்தமான மீனில் கலந்து வைப்பது. மெட்ரோநிடசோல் போன்ற கடும் கசப்பு நாக்கில் பட்டால் பூனை நுரை நுரையாக எச்சில் வடிக்கும். அந்தக் கசப்பை அது மீனோடு சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதன் பிறகு மருந்து கலக்காத மீனையும் தொடாது. சாப்பிடும் தட்டு ஓரிடம், மருந்து கொடுப்பது வேறிடம் என்று பிரித்துவிடுங்கள்.

ஸ்டீராய்டு நெடுநாள் கொடுத்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினாலும் பசி செத்து, உடம்பு துவண்டு போகும். அளவைப் படிப்படியாகக் குறைக்க டாக்டர்தான் சொல்ல வேண்டும். வலிக்கு ஒருமுறை கொடுத்த மெலாக்ஸிகேமை நாமாகத் தொடரவே கூடாது. திரும்பத் திரும்பக் கொடுத்தால் பூனையின் சிறுநீரகம் செயலிழந்து உயிர் போகலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் அந்த மருந்தின் மீதே எச்சரிக்கை போட வைத்தது. பாராசிட்டமால் பக்கமே போகாதீர்கள். பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கத் தெரியாது, ஒரே மாத்திரை கொல்லும்.

பூனைக்குக் குமட்டுகிறதா என்று எப்படித் தெரியும்? தட்டருகே வந்து முகரும், உதட்டை நக்கும், எச்சிலை விழுங்கும், முகத்தைத் திருப்பும். சில பூனைகள் தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டி, மண்ணைத் தள்ளி மூடுவது போலச் செய்யும். இதைப் பிகு என்று நினைத்துவிட வேண்டாம். குமட்டலை அடக்கவும் பசியைத் தூண்டவும் மருந்துகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். பசிக்குத் தரும் மிர்ட்டாசபின் மனிதர்களுக்கு 15 மில்லிகிராம் மாத்திரையாக வருகிறது. பூனைக்குச் சுமார் 2 மில்லிகிராம்தான். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி நீங்களே உடைத்துக் கொடுத்தால் பூனை நிலைகொள்ளாமல் கத்தும், நடுங்கும்.

பூனை மூக்கால்தான் சாப்பிடுகிறது. பிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காமல் வெதுவெதுப்பாக்கி வையுங்கள், வாசனை எழும்பும். வேகவைத்த மீனின் தண்ணீரை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல் கொடுத்துப் பாருங்கள். மூக்கு அடைத்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். தயிர்சாதம் நக்கியதை மட்டும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். பூனைக்கு வேண்டியது மாமிசப் புரதம். இதையெல்லாம் செய்து பார்க்க ஒரு வேளை போதும், இதிலேயே இரண்டு நாளைப் போக்கிவிடக் கூடாது.

ஈரல் அடைத்துவிட்டது என்று தெரிந்தபின் டாக்டர் கழுத்து வழியாக உணவுக்குழாய்க்குள் டியூப் வைக்கலாம் என்பார். “ஐயோ பாவம், டியூப்பெல்லாம் வேண்டாம்” என்று பூனையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பாவம் பார்ப்பதாக நினைத்து அதன் உயிரோடு விளையாடுகிறோம். வாயைப் பிளந்து நாள்தோறும் திணிப்பதைவிட டியூப் எவ்வளவோ மேல். பூனை அதோடு வீட்டில் நடமாடும், தூங்கும், பசி வந்தால் வாயாலும் சாப்பிடும். முதல் நாளே வயிறு முட்டக் கொடுக்காமல், டாக்டர் சொல்லும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இப்படி விடாமல் ஊட்டினால் பல பூனைகள் பிழைக்கின்றன. ஊட்டாமல் விட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

மருந்து ஓடும் நாட்களில் வாரம் ஒருமுறையாவது எடை பாருங்கள். நான்கு கிலோ பூனை 400 கிராம் இழந்தால் அது பத்து சதவீதம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மருந்து எழுதியவருக்குப் போன் செய்யுங்கள். இரண்டாம் நாள் பூனை டாக்டரின் மேசையில் இருக்க வேண்டும். குட்டி என்றால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். காதின் உட்புறத்தையும் ஈறுகளையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மஞ்சள் தெரிந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள். மாத்திரை அட்டையையும், எந்தத் தேதியில் தொடங்கியது என்ற குறிப்பையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சாப்பாட்டை நிறுத்திய பூனையைத் திங்கள்கிழமை வரை வைத்திருக்க வேண்டாம், ஞாயிறு திறந்திருக்கும் கிளினிக் எதுவென்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.