கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃப்ரீமாண்ட் என்றொரு ஊர். அங்கிருந்த கார் தொழிற்சாலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் இழுத்து மூடியது. தரம் படுமோசம், ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்களும் உண்டு. 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கைகோத்து அதே இடத்தில் 'நம்மி' என்ற நிறுவனத்தைத் தொடங்கின. வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. ஆனாலும் இரண்டே ஆண்டுகளில் தரம் ஜப்பானிய ஆலைகளுக்கு இணையாக உயர்ந்தது. விடுப்பு வெகுவாகக் குறைந்தது.

பயிற்சி, குழு வேலை, ஆட்குறைப்பு செய்யமாட்டோம் என்ற உறுதி எனக் காரணங்கள் பல. தொழிலாளியின் கண்ணுக்கும் கைக்கும் எட்டிய மாற்றம் ஒரு கயிறு.

ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுக்கிறார். உயரத்தில் தொங்கும் போர்டில் அவருடைய இடத்தின் எண் மஞ்சளாக ஒளிர்கிறது, ஒலியும் எழுகிறது. குழுத் தலைவர் ஓடி வருகிறார். குறிப்பிட்ட எல்லையைக் கார் தாண்டுவதற்குள் கோளாறு சரியானால் உற்பத்தி லைன் தொடரும், இல்லையென்றால் நின்றுவிடும். இதன் பெயர் 'ஆண்டான்'. நூல் அறுந்ததும் தானே நின்றுவிடும் தறியை டொயோட்டா குழுமத்தின் நிறுவனர் சகிச்சி டொயோடா 1924-லேயே முழுமைப்படுத்தியிருந்தார். அந்தச் சிந்தனையின் தொடர்ச்சிதான் இது.

கண் தேடும் விதம்

விளக்கு ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? உளவியலாளர் ஆன் ட்ரீஸ்மன் 1980-ல் சக ஆய்வாளருடன் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பச்சை உருவங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பாக இருந்தால், கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் அது பளிச்சென்று கண்ணில் படும். நிறம், வடிவம் இரண்டையும் பொருத்திப் பார்த்துத் தேட வேண்டுமென்றால், ஒவ்வொன்றாகத்தான் பார்த்தாக வேண்டும். உருவங்கள் கூடக் கூட நேரமும் கூடும்.

எனவே, பத்து நிறங்களும் இருபது வரைபடங்களும் அப்பிய போர்டு யாருக்கும் உதவாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் வேலை செய்கிறார்கள். நிறத்தோடு இடமும் ஒலியும் சேர வேண்டும். ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் பலகையில் வரைந்து, அதன்மேல் அதை மாட்டி வைக்கும் முறை, இடமே தகவல் சொல்வதற்கு நல்ல உதாரணம். ஒன்று காணாமல் போனால் வெற்று உருவமே காட்டிக்கொடுத்துவிடும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை.

யாருக்கான போர்டு?

ஹார்வர்டு பேராசிரியர் தெரசா அமாபிலி, 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேர் எழுதிய சுமார் 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்தார். அர்த்தமுள்ள வேலையில் சிறிதளவேனும் முன்னேறிய நாட்களில்தான் உற்சாகம் மேலோங்கியிருந்தது. அந்த முன்னேற்றத்தைத் தொழிலாளியே காணும்படி செய்வதுதான் நல்ல போர்டு. யார் பின்தங்கினார் என்று பெயர் போட்டு அம்பலப்படுத்தினால், அடுத்த நாளே தவறுகள் மறைக்கப்படும்.

போர்டு மாட்ட நினைக்கும் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: எதை எழுதுவது என்று தொழிலாளர்களிடமே கேளுங்கள். விளக்கு எரிந்ததும் ஓடி வந்து உதவ ஓர் ஆளை முதலில் நியமியுங்கள். கயிற்றை இழுத்தவரைத் திட்டாதீர்கள், நன்றி சொல்லுங்கள்.