ஐந்து புள்ளி, ஒரு பம்ப்

நந்தனத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் புது பம்ப் வாங்கணும். சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு 18 மீட்டர். ஒரு கோயம்புத்தூர் பம்பின் கேட்லாக்கில் ஐந்தே புள்ளிகள்: நிமிடத்துக்கு 40, 55, 70, 85, 100 லிட்டர், ஏற்றும் உயரம் முறையே 28, 25, 23, 19, 15 மீட்டர்.

எக்செல்லில் நாலாம் படிக் கோடு போட்டேன். ஐந்தையும் அச்சு அசலாகத் தொட்டது. பெருமைதான்! வால்வை மூடினால் பழைய பிவிசி குழாய் தாங்குமா என்று பார்க்க, 10 லிட்டருக்கு உயரம் கேட்டேன். 74 மீட்டராம்! அந்தச் சின்ன பம்ப் குத்துயிராகிவிடும்.

விஷயம் இதுதான். கேட்லாக்கில் உயரத்தை முழு மீட்டராக ரவுண்ட் செய்திருக்கிறார்கள். அந்த அரை மீட்டர் பிசிறையும் உண்மை என்று நம்பி என் கோடு நெளிந்திருக்கிறது. பம்புக்குள் இழப்பு ஏறத்தாழ ஓட்டத்தின் வர்க்கமாகக் கூடும். ஆகவே இரண்டே எண்கள் போதும்:

உயரம் = 30 − 0.0015 × ஓட்டம்²

புள்ளிகளிலிருந்து அரை மீட்டர் முன்பின் விலகும், பரவாயில்லை. வால்வை மூடினாலும் 30 மீட்டர்தான்.

எங்கள் குழாய்க்கு நான் போட்ட கணக்கு 18 + 0.0005 × ஓட்டம்². இரண்டு கோடும் வெட்டுவது 77 லிட்டரில். இந்த இடத்தில் நாலாம் படியும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. பொய் சொன்னது ஓரத்தில் மட்டும்.

செக்ரெட்டரி கேட்டது ஒன்றுதான்: "6,000 லிட்டர் ரொம்ப எவ்வளவு நேரம் சார்?"

78 நிமிஷம்னேன்.