பாதிப் பேச்சு சாட்சியாகுமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்கு அது சரி. மனிதன் பேசிய பேச்சுக்கும் எழுதிய கடிதத்துக்கும் அது பொருந்தாது. நூறு வார்த்தைகளில் பத்தை மட்டும் பொறுக்கி எடுத்தால் நிரபராதியைக் குற்றவாளியாக்கலாம். கடனைத் தீர்த்தவரைக் கடன்காரராக்கலாம். இதைத் தடுப்பதற்கென்றே நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. கோர்ட் வாசலையே மிதிக்காதவர்களும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எனக்குப் பழக்கமான ரயில்வேயிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். விசாரணையில் ஓர் ஓட்டுநர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "சிவப்பு சிக்னலைத் தாண்டித்தான் வண்டியை எடுத்தேன். சிக்னல் பழுது என்று ஸ்டேஷன் மாஸ்டர் எழுத்து மூலம் அனுமதி கொடுத்திருந்தார்." முதல் வாக்கியத்தை மட்டும் படித்தால் அது வேலைக்கே உலை வைக்கும் குற்றம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் விதிப்படி நடந்த காரியம். முதல் வாக்கியத்தில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் அதைத் தனியே பிரித்து நீட்டும்போது அது பொய் செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது.

ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இது 39-ஆவது பிரிவாக இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 33-ஆவது பிரிவாக இருக்கிறது. அதன் சாரம் இதுதான்: சாட்சியமாகக் காட்டப்படும் வாசகம் ஒரு நீண்ட பேச்சின், உரையாடலின், ஆவணத்தின், புத்தகத்தின், மின்னணுப் பதிவின் அல்லது தொடர் கடிதங்களின் ஒரு பகுதியாக இருந்தால், அந்த வாசகத்தின் பொருளையும், அது எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டது என்பதையும் முழுமையாகப் புரிந்துகொள்ள எவ்வளவு தேவை என்று நீதிமன்றம் கருதுகிறதோ, அவ்வளவையும் காட்ட வேண்டும், அதற்கு மேல் காட்டக் கூடாது.

"அதற்கு மேல் கூடாது" என்பதையும் கவனியுங்கள். ஒரு வரியை விளக்குகிறேன் என்று சம்பந்தமில்லாத நூறு பக்கங்களைக் கொட்டி வழக்கைக் குழப்பவும் சட்டம் இடம் தரவில்லை. எது தேவை, எது தேவையில்லை என்பதை முடிவு செய்பவர் நீதிபதி.

இது நமக்கு மட்டும் உரிய விதியல்ல. 1820-இல் இங்கிலாந்து அரசி கரோலின் மீதான விசாரணையின்போதே, ஒரு பேச்சின் ஒரு பகுதியைக் கேட்டவர்கள் அதோடு தொடர்புள்ள மீதியையும் கேட்க வேண்டும் என்ற கருத்து அங்கே விவாதிக்கப்பட்டது. அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் இதற்கு 106-ஆவது விதி இருக்கிறது. எழுத்தில் உள்ளவற்றுக்கும் பதிவு செய்யப்பட்டவற்றுக்கும் மட்டும் இருந்த அந்த விதியை 2023 டிசம்பரில் வாய்மொழிப் பேச்சுக்கும் விரிவாக்கினார்கள்.

நம் உச்ச நீதிமன்றத்தில் இதற்கு நெருங்கிய தத்துவத்தை நிலைநாட்டிய தீர்ப்புகளில் ஒன்று, 1952-ஆம் ஆண்டு பல்விந்தர் கவுர் வழக்கு. பஞ்சாபில் ஒரு பெண்ணின் கணவர் இறந்தார். உடல் ஒரு டிரங்குப் பெட்டியில் வைக்கப்பட்டுக் கிணற்றில் போடப்பட்டிருந்தது. புகைப்படம் கழுவும் விஷ மருந்தைக் கணவர் தவறுதலாகக் குடித்து இறந்தார் என்றும், அதன் பிறகே உடலை அப்புறப்படுத்தியதாகவும் அந்தப் பெண் வாக்குமூலம் தந்திருந்தார். கொலைக் குற்றத்திலிருந்து அவரை விடுவித்த உயர் நீதிமன்றம், உடலை அப்புறப்படுத்திய பகுதியை மட்டும் ஏற்று, விபத்து என்ற பகுதியைத் தள்ளி, தடயத்தை மறைத்ததாகத் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாக்குமூலத்தை ஒட்டுமொத்தமாக ஏற்க வேண்டும் அல்லது ஒட்டுமொத்தமாகத் தள்ள வேண்டும். பாதகமான பாதியை மட்டும் வெட்டி எடுக்க முடியாது என்று கூறி அவரை விடுவித்தது.

அப்படியானால் குற்றவாளி எந்தக் கதையைச் சேர்த்துச் சொன்னாலும் தப்பித்துவிடலாமா? இல்லை. 1961-இல் பீகாரில் ஓடும் ரயிலில் ஒரு மாணவர் கொலையுண்டார். ரத்தக்கறை படிந்த துணியை ஆற்றில் துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் பிடிபட்டார். தாம் அந்தப் பெட்டியில் இருந்ததை ஒப்புக்கொண்ட அவர், கொன்றது வேறொருவர் என்றார். நிஷி காந்த் ஜா வழக்கு எனப்படும் இதில் 1968-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தப்பிக்கச் சொல்லும் பகுதி நம்பத் தகாததாகவும் மற்ற சாட்சியங்களுக்கு முரணாகவும் இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு மீதியை ஏற்கலாம் என்றது. ஆக, முழுவதையும் படிக்க வேண்டும் என்பதற்கு முழுவதையும் நம்ப வேண்டும் என்று அர்த்தமில்லை.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். நெருளிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு வீட்டு வாடகை ஒப்பந்தம், சொசைட்டி நோட்டீஸ், கொடுக்கல் வாங்கல் என்று தகராறு எப்போது வேண்டுமானாலும் வரலாம். எதிராளி தனக்குச் சாதகமான ஒரு கடிதத்தை மட்டும் தாக்கல் செய்வார். மீதி எங்கே என்று கேட்கும் உரிமையைச் சட்டம் தருகிறது. ஆனால் அந்த மீதி பெரும்பாலும் நம் பெட்டியில்தான் இருக்கும். அதைக் கிழித்துப் போட்டுவிட்டால் உரிமை இருந்தும் பயனில்லை.

எனவே சில யோசனைகள். வந்த கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பதிலின் நகலையும் தேதி வரிசையில் வையுங்கள். வாட்ஸப்பில் வந்த செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். முழு உரையாடலும், அது இருக்கும் போனும் பத்திரமாக இருக்கட்டும். மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யப் புதிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழும் தேவைப்படும்.

மராத்தியிலோ இந்தியிலோ எழுதிய எந்த மனுவிலும், பஞ்சநாமாவிலும், வாசித்துப் பொருள் சொல்லக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் சொன்னதில் பாதி விடுபட்டிருந்தால் அப்போதே எழுதச் சொல்லுங்கள். போலீஸ் புலன்விசாரணையில் சாட்சி சொல்வதை எழுதிக்கொண்டால், அதில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். இதையும் நம்மில் பலர் அறிவதில்லை.

வழக்கு என்று வந்துவிட்டால் எல்லாக் காகிதங்களையும், நமக்குப் பாதகமானவை உட்பட, முதல் நாளிலேயே வக்கீலிடம் கொடுத்துவிடுவது நல்லது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் தங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு.