ஹோல்டான் என்றால் நில்லா, பிடியா?

கம்பைநல்லூரில் பஸ் நகரத் தொடங்கியபின் யாராவது பையும் கையுமாக ஓடிவந்தால் கண்டக்டர் "ஹோல்டான், ஹோல்டான்" என்று குரல் கொடுப்பார்; டிரைவரின் கால் பிரேக்குக்குப் போகும். ஆள் ஏறியதும் "ரைட்". இந்த ஹோல்டான், ஆங்கிலத்தின் 'ஹோல்ட் ஆன்'தான். ஆனால் 'ஹோல்ட்' என்றால் பிடி, 'ஆன்' என்றால் மேல் என்று பள்ளியில் படித்த பிள்ளை, இரண்டையும் கூட்டி "மேலே பிடி" என்று வைத்துக்கொண்டால் ஒன்றும் விளங்காது. இந்த வகை இரட்டைச் சொற்களைக் கூட்டல் கணக்காகப் பார்ப்பதில்தான் கோளாறே இருக்கிறது. 'கோ ஆன்', 'கேரி ஆன்' என்பவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 'ஆன்' இங்கே இடத்தைக் குறிக்கவில்லை, விடாமல் தொடர்வதைக் குறிக்கிறது என்பது தெரியும். தமிழில் அந்த வேலையை 'கொண்டிரு' செய்கிறது: பிடித்துக்கொண்டிரு. இதில் 'கொள்' எதையும் வாங்கிக்கொள்வதில்லை, 'இரு' எங்கும் உட்காருவதில்லை. துணைவினையாக வந்ததும் சொந்தப் பொருளை விட்டுவிடுகின்றன. நம் 'பொறு'வும் 'ஹோல்ட் ஆன்' என்பதற்கு உறவுதான். பாரத்தைத் தாங்குவதும் பொறுத்தல், "கொஞ்சம் பொறு" என்று காக்கச் சொல்வதும் பொறுத்தல்.

அப்படியானால் பஸ்ஸை நிறுத்த ஹோல்டான் என்பது தப்பு ஆங்கிலம்தானே என்று கேட்கலாம். பாதி தப்பு. கிளம்பப்போகிறவரைப் பார்த்து "இரு, இன்னும் போகாதே" என்னும் பொருளில் ஆங்கிலேயரும் இதைச் சொல்வார்கள். ஓடுகிற வண்டியை ஸ்டாப்பில் நிறுத்த இதைச் சொல்லமாட்டார்கள். ஆனால் நம் பஸ்ஸில் அது தமிழாகிவிட்ட சொல், அதை யாரும் திருத்த வேண்டியதில்லை. ஓசூரிலோ பெங்களூரிலோ இன்டர்வியூவுக்குப் போகிறவர்தான் வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

'வெயிட்' என்ற ஒரு சொல் போதாதா என்பது அடுத்த கேள்வி. போதாது. அரூர் பஸ்ஸுக்கு அரைமணி நேரம் நின்றால் அது 'வெயிட் ஃபார்'. நம் 'பஸ்ஸுக்கு' என்பதிலுள்ள 'கு'தான் அங்கே 'ஃபார்'. ஹோல்ட் ஆன் என்பதோ சின்னப் பொழுது, அதுவும் இருக்கிற நிலையை விடாமல். அதனால்தான் போனில் அது அவ்வளவு பொருத்தம்: லைனைத் துண்டிக்காமல் பிடித்துக்கொண்டிருங்கள். 'ஹாங் ஆன்' என்றாலும் அதே பொருள்தான். 'ஹாங் அப்' என்றால் நேர்மாறாகப் போனை வைத்துவிடுவது. பழைய போனில் ரிசீவரைக் கொக்கியில் மாட்டினால் இணைப்பு அறுந்துவிடும். வாடிக்கையாளரிடம் வெறும் "ஹோல்ட் ஆன்" என்றால் "ஏய், இரு" என்பதுபோல் முரட்டுத்தனமாக ஒலிக்கும், "குட் யூ ஹோல்ட் ஆன் எ மொமெண்ட், ப்ளீஸ்?" என்று கேட்டால்தான் அதில் நம் "கொஞ்சம் லைன்ல இருங்க"வின் பதவிசு வரும்.