கானமயில்

ஒரு பறவையின் கால்விரல்களைக் கொண்டே அதன் வாழ்க்கை முறையை ஓரளவு உய்த்துணரலாம். காக்கைக்கு முன்னே மூன்று விரல்கள், பின்னே ஒன்று. அந்தப் பின்விரல் உதவுவதனால்தான் அது கிளையை இறுகப் பற்றி அமர்கிறது. கானமயிலுக்கோ பின்விரலே கிடையாது. ஆகவே மரத்தில் அமர்வது அதற்கு இயலாது. உண்பது, உறங்குவது, முட்டையிடுவது யாவும் தரையிலேயே.

பெயரில் மயில் இருப்பினும் இது மயிலினத்தைச் சார்ந்ததன்று. இராசஸ்தான மக்கள் இதனைக் கோடாவன் என்பர். ஆண் பறவை ஏறத்தாழ 1 மீட்டர் உயரமும் 15 கிலோகிராம் வரை எடையும் உடையது. பறக்கவல்லவற்றுள் மிகக் கனமான பறவைகளில் ஒன்று. இதனையே நம் தேசியப் பறவையாக்க வேண்டுமென்று பறவையியல் அறிஞர் சலீம் அலி விரும்பினார். ஆயினும், 1963இல் அச்சிறப்பு மயிலுக்கே கிட்டியது.

வெட்டவெளியில் மறைவிடம் ஏது? மண்ணை ஒத்த முதுகின் நிறமே கானமயிலுக்கு மறைவு; புல்லுக்கு மேல் நீளும் கழுத்தே காவல். வெட்டுக்கிளி, வண்டு, ஓணான், தானியம், இலந்தைப்பழம் என எது கிடைத்தாலும் உண்ணும். இணைசேரும் பருவத்தில் ஆண் தன் தொண்டைப்பையை ஊதித் தொங்கவிட்டு எழுப்பும் ஆழ்ந்த முழக்கம் நெடுந்தொலைவு கேட்கும். பெண் பறவை வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே முட்டையிட்டு, ஏறத்தாழ 27 நாட்கள் தனியாகவே அடைகாக்கும். அந்த ஒரு முட்டையை நரியோ நாயோ கவர்ந்துவிட்டால் இழப்பை ஈடுசெய்வது எளிதன்று.

முன்னாளில் பஞ்சாப் முதல் தமிழ்நாடு வரை வறண்ட புல்வெளிகளில் திரிந்த இப்பறவைகளில் இன்று எஞ்சியவை 150க்கும் குறைவு என மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலானவை தார்ப் பாலைவனத்தில் உள்ளன. வேட்டையும், புல்வெளிகள் வயல்களானதும் இவற்றின் தொகையைக் குறைத்தன. இப்போதைய பெரும் இடர் மின்கம்பி. இக்குடும்பத்துப் பறவைகளின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. பக்கங்களிலிருந்து வரும் பகையை அவை நன்கு காணும். நேர் எதிரே தெரியும் பரப்போ குறுகியது. பறக்கையில் தரையை நோக்கித் தலை தாழ்த்தினால் எதிரே இருப்பது தெரியாமலே போகும். கம்பியைக் கண்டபின் கனத்த உடலைச் சட்டெனத் திருப்புவதும் அரிது.

அக்கம்பிகள் சுமப்பதோ, புகையில்லா மின்சாரம் என்று நாம் போற்றும் சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும்! சிக்கல் இங்குதான் இருக்கிறது. 2021இல் உச்ச நீதிமன்றம் இயன்ற இடங்களில் கம்பிகளை நிலத்தடியில் பதிக்க ஆணையிட்டது; 2024இல் அவ்வாணையைத் திருத்தி நிபுணர் குழுவொன்றை அமைத்தது. இதற்கிடையே, 2019 முதல் புல்வெளியிலிருந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கச் செய்து, ஜெய்சால்மர் மாவட்டத்தில் குஞ்சுகளை வளர்த்து வருகின்றனர். செயற்கைக் கருவூட்டல் வாயிலாகப் பிறந்த முதற்குஞ்சு 2024 அக்டோபரில் அங்கு முட்டையை உடைத்து வெளிவந்தது.